ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு நகம்: குளிர் பிளாஸ்மாவும் இருபத்திரண்டு மாதங்களும்

காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து அந்த அக்கா என்னிடம் வந்தது ஜூன் மாத நடுவில். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது மாங்கூழ்த் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடும் காலம். லாரி லாரியாகப் பெங்களூரா மாம்பழம் வந்து இறங்கும். கழுவுகிற தண்ணீரும் சிந்துகிற சாறும் தரையெல்லாம் ஓடும். அந்த ஈரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் நின்று வேலை செய்கிறவர் அவர். பதினொரு பருவங்களாக இதே வேலை. பருவம் முடிந்தால் பூத்தோட்டத்துக்குப் போவார், தை பிறந்தால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டுவார்.

வயது 54. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவர் நகத்தைக் காட்ட வரவில்லை. பூட்ஸைக் கழற்றியபோது உள்ளே ரத்தக் கறை இருந்ததைப் பார்த்துப் பயந்து வந்திருந்தார். வலது கால் பெருவிரல் நகம் நான்கு மில்லிமீட்டர் தடித்து, பழுப்பும் மஞ்சளுமாய்ப் பொடிந்து கிடந்தது. பூட்ஸின் முனை அதை அழுத்தி அழுத்தி அடியில் ரத்தம் கட்டியிருந்தது.

“நகம் ஆறு வருடமாகவே இப்படித்தான் இருக்கிறது டாக்டரம்மா. அதை விடுங்கள். ரத்தம் வந்ததற்கு மருந்து கொடுங்கள்” என்றார்.

சர்க்கரை நோயாளியின் காலில் நகச்சொத்தையை, அதாவது நகத்தில் பூஞ்சை பிடிப்பதை, ‘அதை விடுங்கள்’ என்று விட முடியாது. தடித்த நகம் அடியில் உள்ள சதையை நசுக்கும், புண்ணாகும்; உணர்ச்சி மங்கிய காலில் அந்தப் புண் வலிக்காது. வலிக்காத புண்ணை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. விரலை எடுக்க வேண்டிய நிலையில் வந்தவர்கள் பலர் தங்கள் கதையை ஒரு தடித்த நகத்திலிருந்து தொடங்குவதை நான் கேட்டிருக்கிறேன். பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் அவருடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வலது பாதத்தில் பத்து இடங்களில் மூன்றில் அவருக்குத் தொடுவதே தெரியவில்லை. நாடித்துடிப்பு இரண்டு காலிலும் நன்றாக இருந்தது; அது பெரிய ஆறுதல்.

இந்த நிகழ்வை அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். குளிர் பிளாஸ்மா என்ற புதிய முறையை ஒரு காலில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம் இது. இதற்குள் நான் செய்த ஒரு பெரிய பிழையும் இருக்கிறது. அதை மறைத்தால் எழுதுவதில் அர்த்தமில்லை.

ஆறு ஆண்டுகளில் அந்த நகம் பட்ட பாடு

முதல் இரண்டு ஆண்டுகள் மருதாணி. நகச்சுற்றுக்கும் நகச்சொத்தைக்கும் மருதாணி அரைத்துக் கட்டுவது நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அவர் அதை விடாமல் செய்திருக்கிறார். அதனால் நகத்தின் நிறமாற்றம் சிவப்புக்கு அடியில் மறைந்து, நோய் பரவியது யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது. பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பு. குழாயை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன்: பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்த வகை. அரிப்பை இரண்டே நாளில் அடக்கும். பூஞ்சைக்கோ தோலின் எதிர்ப்பைக் குறைத்து வழிவிடும். பாதத்தில் சேற்றுப்புண்ணும், உள்ளங்கால் முழுக்கச் செதிலும் இருந்ததற்கு அந்தக் களிம்புக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அதற்கும் பிறகு வேறொரு ஊரில் மூன்று மாதம் மாத்திரை. எந்தப் பரிசோதனையும் செய்யாமல் எழுதிக் கொடுத்த மாத்திரை அது. சீட்டும் அவரிடம் இல்லை.

இந்தக் கடைசிச் செய்திதான் என்னைச் சங்கடப்படுத்தியது. தடித்து, நிறம் மாறிய நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் வருவது. மீதி சொரியாசிஸ், பூட்ஸும் செருப்பும் இடித்து வந்த தடிப்பு, லைக்கன் பிளானஸ் என்ற தோல்நோய், வயது. கண்ணால் பார்த்து மட்டும் மூன்று மாத மாத்திரை எழுதுவது, நாணயத்தைச் சுண்டிவிட்டு எழுதுவது போலத்தான். பரிசோதனைக்கு ஆகும் செலவோ மாத்திரைச் செலவில் ஒரு சிறு பங்கு.

ஆகவே முதல் வேலையாக மாதிரி எடுத்தோம். நகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, முன்பகுதியைத் தடிப்போடு வெட்டி ஒதுக்கிவிட்டு, நோயும் நல்ல நகமும் சந்திக்கும் எல்லையிலிருந்து அடிப்பொடியைச் சுரண்டி எடுத்தோம். பூஞ்சை உயிரோடு முன்னேறிக்கொண்டிருப்பது அந்த எல்லையில்தான். நுனியில் கிடப்பதில் பெரும்பகுதி அதன் பிணம். இந்த வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஏழு மாதம் கழித்து நானே அதை மறந்தேன்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துப் பார்த்தபோது வலது பெருவிரலிலும் இடது பெருவிரலிலும் கிளைவிட்ட பூஞ்சை இழைகள் தெரிந்தன. இரண்டு சுண்டுவிரல் நகங்களும் தடித்து அசிங்கமாகத்தான் இருந்தன, ஆனால் அவற்றில் இழை இல்லை. வளர்ப்புத் தட்டில் பதினேழாம் நாள் வெள்ளைப் பஞ்சு போல வளர்ந்து, தட்டைத் திருப்பினால் அடியில் ஒயின் சிவப்பு. டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். உலகமெங்கும் கால் நகச்சொத்தைக்கு முதல் காரணமாக இருக்கும் பூஞ்சை இதுதான். தோல், முடி, நகம் ஆகியவற்றின் கெரட்டின் புரதத்தைச் செரித்து வாழ்வது. சுண்டுவிரல் தட்டுகளில் ஒன்றும் வளரவில்லை. அவை பூட்ஸ் இடித்துத் தடித்த நகங்கள். நான்கு நகத்துக்கும் மருந்து போட்டிருந்தால், இரண்டு நகங்களுக்கு இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்திருப்போம்.

வலது நகத்தில் 80 சதவீதம் பாதிப்பு, இடதில் 50. நகச்சொத்தையின் கடுமையை அளக்கும் குறியீட்டு முறையில் 16ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்கு. வலது நகம் 30 எடுத்தது.

மாத்திரை ஏன் கூடாது

இப்படிப்பட்ட நகத்துக்கு வழக்கமான விடை டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, பன்னிரண்டு வாரம். இருக்கும் மருந்துகளில் அதுதான் பலமானது. அதன் ஆய்வுகளிலேயே கால் நகத்தில் பூஞ்சை ஒழிந்தவர்கள் 70 சதவீதம், நகமும் முழுக்கத் தெளிந்தவர்கள் 38 சதவீதம். இவருக்கு நாட்பட்ட கல்லீரல் அழற்சி இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. கல்லீரல் நொதி 96, இருக்க வேண்டியதைவிட அதிகம். கல்லீரல் நோய் உள்ளவருக்கு டெர்பினாஃபின் மாத்திரை கொடுக்கக் கூடாது. அடுத்தது இட்ராகோனசோல். அதுவும் கல்லீரலைத் தொடும். போதாததற்கு, கொழுப்புக்காக அவர் சாப்பிடும் அட்டோர்வாஸ்டாட்டினோடு மோதும். முன்பு பரிசோதனையில்லாமல் எழுதப்பட்ட மூன்று மாத மாத்திரை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மிச்சம் இருப்பது மேற்பூச்சு. நகம் தோலைப் போலன்று. அடுக்கடுக்காய் இறுகிய கெரட்டின் பலகை. மேலே தடவும் மருந்தில் மிகச் சிறிய பங்குதான் அடிக்குப் போய்ச் சேரும். மேற்பூச்சுகளில் புதியதும் சிறந்ததுமான எஃபினகோனசோலுக்கே முழுக் குணம் 15 முதல் 18 சதவீதம் வரைதான் கிடைத்தது, அதுவும் ஒரு வருடம் தினமும் பூசி. நான்கு மில்லிமீட்டர் தடித்த நகங்கள் அந்த ஆய்வுகளில் இல்லை.

இந்த நிலையில்தான் ஓசூரில் இருக்கும் நண்பர் ஒருவரின் நினைவு வந்தது. சர்க்கரைப் புண்களுக்காக அவர் ஒரு குளிர் பிளாஸ்மா கருவி வாங்கியிருந்தார்.

மத்தாப்புப் பொறி

பிளாஸ்மா என்றவுடன் ரத்தத்தின் பிளாஸ்மாவை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு; அக்காவும் அப்படித்தான் நினைத்தார். இது வேறு. திடம், திரவம், வாயு என்ற மூன்றுக்கும் அடுத்த நிலை. வாயுவுக்குப் போதிய மின்னாற்றல் கொடுத்தால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, மின்னூட்டம் பெற்ற துகள்களின் கலவையாக அது மாறும். மின்னல் பிளாஸ்மா. எரியும் டியூப் லைட்டின் உள்ளே இருப்பதும் பிளாஸ்மா. இதற்கு அந்தப் பெயரை 1928இல் வைத்தவர் இர்விங் லாங்மியூர். அதற்கும் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1857இல், வெர்னர் வான் சீமென்ஸ் இரண்டு மின்முனைகளுக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, காற்றில் மெல்லிய மின்வெளியேற்றம் உண்டாக்கி ஓசோன் தயாரித்தார். இன்று நகத்துக்கும் புண்ணுக்கும் பயன்படும் கருவிகளில் ஒரு வகை அந்தத் தடுப்பு முறையின் வழிவந்ததே. இன்னொரு வகை ஆர்கான் வாயுவைக் குழல் வழியே ஊதி, ஊதா நிறத்தில் ஒரு சிறு சுடர்க் கீற்றாக வெளியே விடுவது. ஓசூர்க் கருவி இரண்டாம் வகை.

சுடுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தும்போது பொறிகள் கைமேல் தெறிக்கின்றன. ஒவ்வொரு பொறியும் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடானது; ஆனால் அதன் எடை ஒன்றுமில்லாததால் கையைச் சுடும் அளவுக்கு அதில் வெப்பம் இல்லை. குளிர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் அந்தப் பொறிகளைப் போல. அவை மட்டும் பல்லாயிரம் டிகிரியில் பறக்கும், அவற்றைச் சுமக்கும் வாயு அறை வெப்பத்தை ஒட்டியே இருக்கும். இருந்தாலும் அக்காவின் பாதத்தில் உணர்ச்சி குறைவு. சூடு தெரிந்தால் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொரு அமர்விலும் நகத்தின் மேல் வெப்பநிலையை அளந்தோம்; 39 டிகிரியைத் தாண்டவில்லை.

பூஞ்சையைக் கொல்வது வெப்பமன்று. வேகமான அந்த எலக்ட்ரான்கள் காற்றில் உள்ள ஆக்சிஜன், நைட்ரஜன், ஈரம் ஆகியவற்றில் மோதி, ஓசோன், ஹைட்ராக்சில், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு என்று வினைமிக்க பொருள்களை உண்டாக்குகின்றன. கொஞ்சம் புற ஊதா ஒளியும் உண்டு. இவை பூஞ்சையின் செல்சவ்வுக் கொழுப்பை அரித்து, புரதங்களைக் குலைத்து, மரபுப் பொருளை உடைக்கின்றன. இங்கே ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டெர்பினாஃபின் பூஞ்சையின் ஒரே ஒரு நொதியைத்தான் முடக்குகிறது. அந்த நொதியின் மரபணுவில் சிறு மாற்றம் வந்தால் மருந்து செயலிழந்துவிடும். நம் நாட்டில் படர்தாமரையாகப் பரவி, 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று பெயரிடப்பட்ட பூஞ்சையில் நடந்துகொண்டிருப்பது அதுதான். ஒரே சமயத்தில் பத்துத் திசையிலிருந்து தாக்கும் ஆயுதத்துக்கு எதிராக அப்படி எளிதில் தப்ப முடியாது.

ஆனால் அந்த ஆயுதத்துக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு. வினைமிக்க பொருள்களில் பல, பிறந்த கணத்திலேயே பக்கத்தில் கிடைப்பதோடு சேர்ந்து மடிந்துவிடும். தடித்த நகம் அவற்றுக்கு ஒரு மதில்.

நம்பிக்கையை அளவோடு வைக்கச் சொல்லும் ஓர் ஆய்வும் இருந்தது. நகச்சொத்தைக்குப் பிளாஸ்மா கருவியைப் பயன்படுத்திய சிறிய முன்னோடி ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. அதில் சேர்ந்தவர்கள் 19 பேர். பார்வைக்குக் குணமானவர்கள் 53.8 சதவீதம். ஆய்வகச் சோதனையில் பூஞ்சை இல்லை என்று உறுதியானவர்களோ 15.4 சதவீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் படித்தேன், கோடிட்டேன், அக்காவிடமும் சொன்னேன். பிளாஸ்மாக் கருவிகள் 2013இலேயே ஐரோப்பாவில் ஆறாப் புண்களுக்கு அங்கீகாரம் பெற்றவை என்பதையும், நகத்துக்கு இது இன்னும் நிலையான சிகிச்சை ஆகவில்லை என்பதையும் தமிழில் எழுதி, அவருடைய மகளை வாசிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினோம். பேஸ்மேக்கர் இல்லை என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். நண்பர் கட்டணம் வேண்டாம் என்றார்.

முதல் சுற்று

பருவம் முடியக் காத்திருந்து ஆகஸ்டில் தொடங்கினோம். வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம். வலது பெருவிரலுக்கு நகத்தை அரத்தால் தேய்த்து மெலிதாக்கி, பிளாஸ்மா. இடது பெருவிரலுக்குத் தேய்த்துவிட்டு அமோரோல்ஃபின் 5 சதவீத நகப்பூச்சு மருந்து மட்டும். ஒரே மனிதரின் இரண்டு கால்களை ஒப்பிடலாம் என்ற ஆசைதான். இரண்டும் சமமான நோயில்லை என்பதால் அது முழுமையான ஒப்பீடு ஆகாது என்று தெரிந்தேதான் செய்தேன். சேற்றுப்புண்ணுக்கும் உள்ளங்காலுக்கும் டெர்பினாஃபின் களிம்பு. அது தோல் வழியே ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு, கல்லீரலுக்குப் பயமில்லை.

காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர், அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டும். போய் வர ஒரு நாள், அந்த நாளின் கூலி போச்சு. இலவச சிகிச்சை என்று நாங்கள் சொல்லிக்கொண்டதன் உண்மையான விலை அது. பன்னிரண்டு வாரத்தில் ஒரு வாரமும் அவர் தவறவில்லை.

அமர்வு நடக்கும் அறையில் இடி இடித்து மழை பெய்த பின் வருவது போல ஒரு வாசனை வரும். அது ஓசோன். வேலை செய்யும் இடத்துக் காற்றில் அது பத்து லட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஜன்னல்களைத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்டுத்தான் கருவியை இயக்கினோம். மூடிய ஏசி அறையில் இதைச் செய்பவர்கள் தங்கள் உதவியாளர்களின் நுரையீரலையும் நினைக்க வேண்டும்.

தொடக்க நாளிலேயே நகத்தின் மேல், அது முளைக்கும் தோல் விளிம்புக்குப் பக்கத்தில், அரத்தால் மெல்லிய கோடு ஒன்று போட்டிருந்தேன். நகம் வளர வளர அந்தக் கோடு முன்னால் நகரும். கால் பெருவிரல் நகம் மாதத்துக்குச் சராசரி ஒன்றரை மில்லிமீட்டர் வளரும், இவருடையது 1.1 மில்லிமீட்டர்தான் வளர்ந்தது. ஜனவரியில் ஐந்தரை மில்லிமீட்டருக்குத் தெளிந்த, இளஞ்சிவப்பான புது நகம். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனையிலும் இழை தெரியவில்லை. “இனி ஓசூர் வர வேண்டாம் அக்கா, மீதி தானாக வளர்ந்து போய்விடும்” என்று சொல்லி அனுப்பினேன். வலது காலுக்கு எதையும் தொடரச் சொல்லவில்லை. இடது காலுக்கு மட்டும் பூச்சு தொடர்ந்தது.

என் பிழை

அன்று வெளிநோயாளிகள் கூட்டம் அதிகம். மாதிரியை நகத்தின் நுனியிலிருந்து எடுத்திருந்தோம். நுனி வெட்டுவது எளிது, வலிக்காது, இரண்டு நிமிட வேலை. எல்லையில் சுரண்ட வேண்டும் என்று முதல் நாள் எத்தனை கவனமாக இருந்தேனோ அத்தனை அலட்சியமாக அன்று இருந்தேன். பன்னிரண்டு வாரம் பிளாஸ்மா பட்ட நுனியில் பூஞ்சை செத்துக் கிடந்ததில் வியப்பில்லை. வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பவில்லை. அந்த ஆய்வின் இரண்டு எண்களைக் கோடிட்டுப் படித்தவள், என் நோயாளி 53.8இல் ஒருவரா 15.4இல் ஒருவரா என்று கேட்க மறந்தேன்.

அடுத்த மாம்பழப் பருவம் மே மாதம் தொடங்கியது. ஜூன் கடைசியில் அவர் வந்தார். தெளிந்திருந்த நகத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு ஈட்டி போலக் கிளம்பி, தோல் விளிம்புக்கு ஐந்து மில்லிமீட்டர் தூரம் வரை வந்துவிட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “பூட்ஸ் போட்டதால் திரும்ப வந்துவிட்டது போல, என் தலையெழுத்து” என்றார். தலையெழுத்து இல்லை அக்கா, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் தன் உடலையும் தன் வேலையையும்தான் பழித்துக்கொண்டிருப்பார்.

இந்த முறை எல்லையில் மாதிரி எடுத்தோம். வெட்டிய துண்டைத் திசு ஆய்வுக்கும் அனுப்பி, பூஞ்சைச் சுவரை ஊதாச் சிவப்பாகக் காட்டும் சாயம் ஏற்றிப் பார்த்தோம். இழைகள் நெருக்கமாக இருந்தன. வளர்ப்பில் அதே ரூப்ரம். ஒளிந்திருந்தது திரும்பியதா, பூட்ஸிலிருந்து புதிதாக ஏறியதா என்பதை அந்தச் சோதனைகள் பிரித்துச் சொல்லாது. ஆனால் பூட்ஸைப் பற்றிக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூட்ஸ் தொழிற்சாலையில் பொது. ஷிப்ட் முடிந்ததும் கழற்றி வைப்பார்கள், அடுத்தவர் அதை அப்படியே ஈரத்தோடு போட்டுக்கொள்வார். காலுறை கிடையாது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. மருந்தைப் பற்றி ஒரு மணி நேரம் யோசித்த நான், அந்தக் கால் தினம் பத்து மணி நேரம் எதற்குள் இருக்கிறது என்று ஐந்து நிமிடம் கேட்கவில்லை.

இரண்டாம் சுற்று

ஜூலையில் நகத்தை முதலில் கரைக்கத் தீர்மானித்தோம். 40 சதவீத யூரியாக் களிம்பைத் தடவி, மேலே ஒட்டுத்துணியால் மூடிப் பத்து நாள் வைத்தால் நோய்பட்ட நகம் ஊறிய அட்டை போல மென்மையாகிவிடும். நல்ல நகம் அவ்வளவாக இளகாது. “வயலுக்குப் போடும் யூரியாவா?” என்று அக்கா திகைத்தார். பொருள் அதே, தயாரிப்பு வேறு, மூட்டையிலிருந்து எடுத்துப் பூசிவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

மென்மையான பகுதியைச் செதுக்கி எடுத்தபோதுதான் முதல் சுற்று ஏன் தோற்றது என்று கண்ணால் பார்த்தேன். நகத்துக்கு அடியில், மஞ்சள் கோட்டின் வேரில், அரிசி மணி அளவுக்கு இறுகிய வெளிர்மஞ்சள் கட்டி ஒன்று. பூஞ்சை இழைகளும் தடித்த சுவர் கொண்ட வித்துகளும் நெருக்கமாகப் பின்னி ஒரு கோட்டை கட்டியிருந்தன. இப்படிப்பட்ட கட்டிக்குள் மாத்திரையே சரியாகப் போவதில்லை. மேலே ஒரு மில்லிமீட்டர் நகம் இருக்க, பிளாஸ்மா அதை எட்டியிருக்க வழியில்லை. கட்டியைச் சுரண்டி எடுத்து, தளம் சுத்தமானது என்று தெரிந்த பிறகே எட்டு வாரப் பிளாஸ்மாவைத் தொடங்கினோம். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் அமோரோல்ஃபின் பூச்சு. பிளாஸ்மா பட்ட கெரட்டின் பரப்பு ஈரத்தை நன்றாக ஏற்கும். பூச்சும் நன்றாகப் பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு. இந்த முறை இரண்டு பெருவிரல்களுக்கும் இதே முறை. அமர்வுகள் முடிந்த பிறகும் வாரம் ஒருமுறை பூச்சு நிற்கவில்லை.

பூட்ஸ் விஷயத்தில் அவருடைய மகள்தான் முன்னால் நின்றார். மேற்பார்வையாளரிடம் பேசி, அம்மாவுக்கென்று இரண்டு ஜோடி ஒதுக்கி வாங்கினார். ஒரு நாள் ஒரு ஜோடி, மறுநாள் அது வெயிலில் காயும். உள்ளே பருத்திக் காலுறை, இடைவேளையில் மாற்ற ஒன்று. பூட்ஸின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டால் அவருடைய பெயரின் முதல் எழுத்து. அந்தப் பகுதியில் இன்னும் ஆறு பெண்கள் தங்களுக்கும் தனி ஜோடி கேட்டிருப்பதாகச் சொன்னார். நான்கு பேருக்குக் கிடைத்தது. சர்க்கரையும் இதற்குள் கட்டுக்குள் வந்தது: மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.4 சதவீதத்திலிருந்து 7.1க்கு இறங்கியது.

முடிவில் இருந்த நிலை

பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் எல்லையிலிருந்து மாதிரி எடுத்தோம். சாயமேற்றிய திசு ஆய்வு, வளர்ப்பு, இரண்டும் இரண்டு முறையும் பூஞ்சை இல்லை என்றன. இடது நகம் முழுக்கத் தெளிந்துவிட்டது. வலது நகத்தில் நுனியில் பத்து சதவீதம் இன்னும் தடித்த பழைய நகம் இருக்கிறது. தடிப்பு ஒன்றரை மில்லிமீட்டர். அடியில் ரத்தம் கட்டுவதில்லை. சுண்டுவிரல் நகங்கள் தடித்தபடியே இருக்கின்றன, அவற்றைத் தேய்த்துவிடுவதோடு சரி. சிகிச்சையால் வந்த தொல்லை என்றால் யூரியா பட்ட இடத்தில் ஒரு வாரம் தோல் வெளுத்து எரிந்தது மட்டும்தான்.

இது பிளாஸ்மாவின் வெற்றி என்று எழுத எனக்கு உரிமை இல்லை. கட்டியைச் சுரண்டி எடுத்தது, யூரியா, பூச்சு, காய்ந்த பூட்ஸ், குறைந்த சர்க்கரை, பிளாஸ்மா என்று எல்லாம் ஒன்றாக நடந்தன. எது எவ்வளவு செய்தது என்று ஒரு நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது. முதல் சுற்றில் பிளாஸ்மா படாத இடது நகம் மெதுவாக ஆனாலும் பின்வாங்காமல் தெளிந்துகொண்டே வந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதில் நோய் குறைவு, கட்டியும் இல்லை. என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவு: தடித்த நகத்தின் மேல் பிளாஸ்மாவை மட்டும் காட்டியபோது அது தோற்றது. மாத்திரை விழுங்க முடியாத ஒருவருக்கு, மெலிதாக்கித் திறந்துவிட்ட நகத்தில், மற்றவற்றோடு சேர்த்து, பாதுகாப்பாகச் செய்ய முடிந்தது. அடுத்த நோயாளிக்கு நான் முதலில் செய்யப்போவது கட்டி இருக்கிறதா என்று தேடுவது. அது இருந்தால் யூரியா முதலில், கருவி பிறகு. ஓசூருக்கு இருபது முறை ஒரு கூலிக்காரப் பெண்ணை வரவழைப்பதற்கு முன், அந்த இருபது நாளுக்கு அது தகுமா என்றும் அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பேன்.

ஏப்ரல் முடிவைச் சொன்ன அன்று அக்கா ஒன்று கேட்டார். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். காலுக்கு மருதாணி வைத்துக்கொள்ளலாமா? சாயம் ஏறினால் நகத்தின் நிறம் எனக்குத் தெரியாது, அடுத்த மாதிரி எடுப்பது அக்டோபரில், அதுவரை கால் நகத்துக்கு வேண்டாமே என்றேன். கொஞ்ச நேரம் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன் டாக்டரம்மா. கால் இப்படியே தெரியட்டும்” என்றார்.